டெல்டாச் சாலைகளில் ஓடும் சிறிய ஸ்போர்ட்ஸ் காருக்கு டயர் தேர்ந்தெடுக்கும் முறை

கும்பகோணத்தில் இருந்துகொண்டு ஹூண்டாய் ஐ20 என் லைன் ஓட்டுகிறேன். 120 பிஎஸ் ஆற்றல் கொண்ட இந்த டர்போ காரை ஸ்போர்ட்ஸ் கார் என்று சொன்னால் இரண்டு இருக்கைக் கார் வைத்திருப்பவர்கள் சிரிக்கக்கூடும். ஆயினும் மஸ்தா எம்எக்ஸ்-5 போன்ற அசல் சிறிய ஸ்போர்ட்ஸ் கார்கள் இந்தியாவில் அதிகாரபூர்வமாக விற்பனைக்கு வராத நிலையில், நம்மில் பலருக்கு வாய்ப்பது இதுவும், பழைய போலோ ஜிடி டிஎஸ்ஐயும், அபார்த் புன்டோவும்தான். இத்தகைய கார் வைத்திருந்து, முதன்முறையாகச் சொந்தமாக டயர் தேர்ந்தெடுக்க விரும்புவோருக்காக இந்த விளக்கத்தை எழுதுகிறேன்.

ஸ்போர்ட்ஸ் டயர் என்றதும், காய்ந்த தார்ச்சாலையின் வளைவில் வழுக்காமல் திரும்புவதுதான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. நம் பகுதியில் மலைப்பாதை கிடையாது; வளைவு என்று பார்த்தால் ஆற்றங்கரையை ஒட்டி வளையும் சாலையும் பாலத்தின் ஏற்ற இறக்கமும்தான் உண்டு. ஆனால் நிலம் தட்டையாக இருப்பதால் பெய்த மழை சாலையிலேயே தேங்குகிறது. அந்த மழையின் பெரும்பகுதியும் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய வடகிழக்குப் பருவத்தில் மொத்தமாகக் கொட்டுகிறது. ஆகவே ஈரத்தில் எத்தனை மீட்டருக்குள் கார் நிற்கிறது என்பதையே இங்கு டயரின் முதல் தகுதியாக நான் கொள்கிறேன். கீழே சொல்லும் படிகள் எல்லாம் அந்தக் கணக்கிலேயே அமைந்தவை.

முதல் படி: காரில் எழுதியிருப்பதைப் படியுங்கள்

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், தூணில் ஒட்டிய தாளில் டயரின் அளவும் காற்றழுத்தமும் அச்சிடப்பட்டிருக்கும். கடைக்குச் செல்லும் முன் அதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கார் பழையதாக இருந்தால், முந்தைய உரிமையாளர் வேறு அளவு டயர் மாட்டியிருக்க வாய்ப்புண்டு என்பதால், டயரில் உள்ள எண்ணை மட்டும் நம்பக் கூடாது.

இரண்டாம் படி: டயரின் பக்கச்சுவரைப் படியுங்கள்

195/55 ஆர்16 87வி என்று எழுதியிருப்பதாகக் கொள்வோம். 195 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 55 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை விழுக்காடு என்பதைக் குறிக்கும். அதாவது 195-இல் 55 விழுக்காடு, ஏறத்தாழ 107 மி.மீ. ஆர் என்பது ரேடியல் கட்டமைப்பு, 16 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.

கடைசியில் உள்ள 87வி-ஐத்தான் பலரும் கண்டுகொள்வதில்லை. 87 என்பது சுமைக் குறியீட்டு எண். ஒரு டயர் 545 கிலோ வரை தாங்கும் என்று பொருள். வி என்பது மணிக்கு 240 கி.மீ. வரையிலான வேகத்துக்குச் சோதிக்கப்பட்டது என்பதைக் காட்டும். எச் என்றால் 210, டபிள்யூ என்றால் 270. நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் அரை மணி நேரம் நிற்கும் நமக்கு 240 எதற்கு என்று கேட்கலாம். வேகக் குறியீடு உயர்ந்த டயர், பொதுவாக, வெப்பத்தைத் தாங்கும்படி உறுதியாகக் கட்டப்பட்டிருக்கும். கத்திரி வெயிலில் நான்கு பேரும் சுமையுமாகத் திருச்சி நெடுஞ்சாலையில் செல்லும்போது அந்த உறுதி பயன்படும். தொழிற்சாலை தந்த சுமை எண்ணுக்கும் வேக எழுத்துக்கும் மேலே போகலாம். கீழே இறங்கவே கூடாது.

மூன்றாம் படி: அளவை மாற்றலாமா என்று முடிவு செய்யுங்கள்

இந்தப் படியில் நான் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

டயரின் மொத்த விட்டத்தை நீங்களே கணக்கிடலாம். பக்கச்சுவர் உயரத்தை இரண்டால் பெருக்கி, ரிம் விட்டத்தை 25.4-ஆல் பெருக்கி, இரண்டையும் கூட்ட வேண்டும். 195/55 ஆர்16 டயருக்கு 214.5 உடன் 406.4 கூட்டினால் 620.9 மி.மீ. வரும். மாற்று அளவு எதுவாயினும் அதன் விட்டம் இதிலிருந்து இரண்டு, அதிகம் போனால் மூன்று விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். இல்லையேல் வேகமானி தவறாகக் காட்டும், பிரேக் பிடிக்கையில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸின் கணக்கும் பிசகும்.

இந்தக் கணக்கை மட்டும் பார்த்துவிட்டு நான் 17 அங்குல ரிம்முக்கு மாறி 205/45 ஆர்17 மாட்டினேன். விட்டம் 616.3 மி.மீ.; வித்தியாசம் ஒரு விழுக்காடு கூட இல்லை. கணக்கு சரியாக இருந்தது. கார் நிற்கும்போது பார்க்கவும் எடுப்பாக இருந்தது. ஆனால் 107 மி.மீ. இருந்த பக்கச்சுவர் 92 ஆகக் குறைந்துவிட்டதையும், கடைக்காரர் மாட்டிய டயரின் சுமை எண் 87 அல்ல, 500 கிலோ மட்டுமே தாங்கும் 84 என்பதையும் நான் கவனிக்கவில்லை. மன்னார்குடி செல்லும் வழியில் மழைநீர் நிறைந்திருந்த ஒரு பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கியது. மறுநாள் காலையில் பார்த்தால் பக்கச்சுவரில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம். ரிம்மின் விளிம்பும் நெளிந்திருந்தது. அப்படி வீங்கிய டயருக்குள் நூலிழைகள் அறுந்துவிட்டன என்று பொருள். அதற்குப் பழுது பார்க்கும் வழி கிடையாது, தூக்கி எறிய வேண்டியதுதான்.

வண்டல் மண்மேல் போட்ட நம் சாலைகள் மழைக்காலத்தில் ஓரம் உள்வாங்குகின்றன. பள்ளத்தின் ஆழத்தைத் தேங்கிய நீர் மறைத்துவிடுகிறது. அறுவடைக் காலத்திலோ, சாலையில் காயும் நெல்லைச் சுற்றி வரிசையாகக் கற்களை வைத்திருப்பார்கள். இந்த ஊரில் பக்கச்சுவரின் ஒவ்வொரு மில்லிமீட்டரும் காசு பெறும். ஆகவே ரிம்மைப் பெரிதாக்காதீர்கள். மாற்றியே ஆக வேண்டும் என்றால், அதே 16 அங்குல ரிம்மில் 205/55 அளவைப் பரிசீலிக்கலாம், விட்டம் 631.9 மி.மீ., அதாவது 1.8 விழுக்காடு கூடுதல். கார் 5.5 மி.மீ. உயர்ந்து நிற்கும். ஸ்டியரிங்கை இருபுறமும் முழுவதும் திருப்பி, சக்கர வளைவின் உட்புறத்தில் உரசவில்லை என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள். அதற்கு மேல் அகலப்படுத்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அகலம் கூடக் கூடத் தேங்கிய நீரின் மேல் டயர் எளிதில் மிதக்கும்.

நான்காம் படி: ரப்பரையும் வரிப்பள்ளங்களையும் பாருங்கள்

ஸ்போர்ட்ஸ் டயரின் பிடிமானம் அதன் ரப்பர் கலவையிலிருந்து வருகிறது. மென்மையான கலவை சாலையைக் கவ்வும், விரைவில் தேயும். கடினமானது நெடுநாள் உழைக்கும், ஆனால் அந்த அளவுக்குக் கவ்வாது. பல டயர்களின் பக்கச்சுவரில் டிரெட்வேர் என்ற சொல்லுக்கு அருகில் ஓர் எண் இருக்கும். 200 முதல் 340 வரை இருப்பவை பெரும்பாலும் ஸ்போர்ட்ஸ் வகை. 400-க்கு மேல் போகப் போக நெடும்பயண வகை. இந்த எண்ணை அந்தந்த நிறுவனமே நிர்ணயித்துக்கொள்கிறது என்பதால், ஒரு நிறுவனத்தின் 300-ஐ இன்னொரு நிறுவனத்தின் 320-உடன் ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்வதில் பயனில்லை. அதன் அருகிலேயே டிராக்‌ஷன் என்று ஏஏ, ஏ, பி, சி ஆகிய தரங்களில் ஒன்று இருக்கும். அது ஈரச் சாலையில் நேராகப் பிரேக் பிடிக்கும் திறன். ஏ-க்குக் கீழே வாங்காதீர்கள். ஐரோப்பாவிலும் விற்கப்படும் மாடலாக இருந்தால், ஏ முதல் ஈ வரையிலான ஈரப் பிடிமானத் தரத்தை அங்குள்ள லேபிளிலிருந்து தெரிந்துகொள்ளலாம். ஒரே மாடலிலும் அளவுக்கு அளவு தரம் மாறும் என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது.

அடுத்து டிரெட், நம் ஊர் வழக்கில் பட்டன். சுற்றளவு நெடுக ஓடும் அகலமான மூன்று அல்லது நான்கு பள்ளங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். டயர் மிதித்த நீர் வெளியேறும் வாய்க்கால்கள் அவைதாம். வாய்க்கால் தூர்ந்தால் வயலில் நீர் நிற்பதுபோல், பள்ளம் ஆழம் குறைந்தால் டயருக்கும் சாலைக்கும் இடையே நீர் நின்றுவிடும். ஸ்டியரிங் திடீரென்று பஞ்சுபோல் இலேசாகும். விமான டயர்களை வைத்து 1960-களில் நாசா கண்டறிந்த தோராயக் கணக்கின்படி, பள்ளத்தின் ஆழத்தை விஞ்சி நீர் தேங்கியிருக்கையில், 32 பிஎஸ்ஐ காற்று உள்ள டயர் மணிக்கு ஏறத்தாழ 94 கி.மீ. வேகத்தில் மிதக்கத் தொடங்கும். 24 பிஎஸ்ஐ என்றால் 82 கி.மீ.யிலேயே மிதக்கும். காற்றைக் குறைத்தால் மழையில் பிடிமானம் கூடும் என்று நம்புகிறவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

பள்ளங்கள் வி வடிவில் ஒரே திசை நோக்கி இருக்கும் டயர்கள் நீரை நன்றாக வெளியேற்றும். ஆனால் அவற்றை வலப்புறத்துக்கும் இடப்புறத்துக்கும் மாற்றிப் போட முடியாது. உட்பாதி ஒரு விதமாகவும் வெளிப்பாதி ஒரு விதமாகவும் அமைந்த டயரில் உட்பாதி நீரைக் கவனித்துக்கொள்ளும், வெளிப்பாதி வளைவைக் கவனித்துக்கொள்ளும். அன்றாடப் பயன்பாட்டுக்கு இதுவே வசதி. யோகோஹாமா அட்வான் ஃப்ளேவா முதல் வகைக்கு எடுத்துக்காட்டு. வேகத்தைவிட அமைதியும் ஈரப் பிடிமானமும் போதும் என்பவர்கள் மிஷெலின் பிரைமசி போன்ற நெடும்பயண வகையைப் பார்க்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வெளிநாட்டு ஒப்பீடுகளைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை. 7 டிகிரிக்குக் கீழே ரப்பர் இறுகிவிடும், ஆகவே அனைத்துப் பருவ டயர் வாங்குங்கள் என்று அங்கே எழுதியிருப்பார்கள். மார்கழிப் பனியிலும் நமக்கு அந்தக் கவலை கிடையாது. கோடை டயர் என்று அவர்கள் அழைக்கும் வகையே ஆண்டு முழுவதும் நமக்கு ஏற்றது.

ஐந்தாம் படி: கடையில் பார்க்க வேண்டியவை

பக்கச்சுவரில் டிஓடி என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு எண்களைத் தேடுங்கள். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. 2020 ஜூன் மாதத்தில் புதிய டயர் இறக்குமதிக்கு இந்திய அரசு கட்டுப்பாடு விதித்ததிலிருந்து, சில அரிய மாடல்கள் கடைக் கிடங்குகளில் வயதேறிக் கிடப்பதுண்டு. ஆறு மாதத்துக்கு உட்பட்டது சிறப்பு. ஓர் ஆண்டு வரை ஏற்கலாம். அதற்கு மேல் என்றால், தள்ளுபடி எவ்வளவு கொடுத்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். கடை வாசலில் வெயிலில் அடுக்கி வைத்த டயரையும் அப்படியே தவிர்க்க வேண்டும். நான்கின் தேதியையும் தனித்தனியே பாருங்கள். மூன்று புதியதும் ஒன்று பழையதுமாகக் கலந்து வருவது உண்டு. ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம் இருக்க வேண்டும். பில்லில் மாடல் பெயரும் வரிசை எண்ணும் எழுதப்படவில்லை என்றால் வாரண்டி கேட்கும்போது சிரமப்படுவீர்கள்.

கையில் இரண்டு டயருக்குத்தான் பணம் உள்ளது என்றால், முன்சக்கர இயக்கக் காராக இருந்தாலும், புதியவற்றைப் பின்னால் மாட்டச் சொல்லுங்கள். இழுப்பது முன்சக்கரம்தானே என்று கடைக்காரர் வாதிடுவார். முன்புறம் வழுக்கினால் ஓட்டுபவர் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். ஈரத்தில் பின்புறம் வழுக்கினால் கார் சுழன்று வாய்க்காலில் நிற்கும்.

ஆறாம் படி: மாட்டும்போது அருகில் நில்லுங்கள்

திசை அம்பும் வெளிப்புறம் என்ற குறியும் சரியாக அமைந்தனவா என்று பாருங்கள். வால்வுகளைப் புதிதாக மாற்றச் சொல்லுங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் இருப்பவர்கள், உப்புக்காற்றில் அரித்த அலாய் ரிம்மின் விளிம்பைத் தேய்த்துச் சுத்தம் செய்யாமல் டயர் ஏற்றவிடக் கூடாது. பஞ்சர் இல்லாமலேயே வாரந்தோறும் காற்று இறங்குவதற்கு அந்த அரிப்பே பெரும்பாலும் காரணம். பிறகு சக்கரத்தின் எடையைச் சமன்செய்யும் பேலன்சிங், சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட். நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் முடுக்கிவிட்டுப் போகவிடாமல், கையேட்டில் உள்ள அளவுக்கு, முறுக்கு விசையை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்சால் முடிக்கச் சொல்லுங்கள்.

ஏழாம் படி: பழக்குவதும் பராமரிப்பதும்

புதிய டயரின் மேற்பரப்பில் வார்ப்பின் வழுவழுப்பு இருக்கும் என்பதால் முதல் 300 கி.மீ. வரை நிதானமாக ஓட்டுங்கள். காற்றை விடியற்காலையில், கார் ஓடும் முன்பே பாருங்கள். நண்பகல் வெயிலில் நின்ற காரில் அழுத்தம் கூடுதலாகவே காட்டும், அதை நம்பிக் குறைத்துவிட்டால் மறுநாள் காலையில் டயர் சோர்ந்திருக்கும். ஏறத்தாழ ஆறு டிகிரிக்கு ஒரு பிஎஸ்ஐ மாறும் என்று வைத்துக்கொள்ளலாம். நைட்ரஜனுக்குத் தனியாகப் பணம் கொடுக்கத் தேவையில்லை. சாதாரணக் காற்றிலேயே 78 விழுக்காடு அதுதான்.

சட்டப்படி டிரெட் ஆழம் 1.6 மி.மீ. வரை தேயலாம், பள்ளத்தின் அடியில் உள்ள சிறு மேடு அந்த அளவைக் காட்டும். ஆனால் புரட்டாசி மாதக் கடைசியில் அளந்து பார்த்து 3 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால், மழை தொடங்கும் முன் மாற்றிவிடுவதே என் வழக்கம். தேய்மானம் உட்புற ஓரத்தில் மட்டும் ரம்பப்பல் போல் தெரிந்தால் பழி டயர் மேல் இல்லை, அலைன்மென்ட் மேல்.

நெல் காயும் சாலையில் எந்த டயரும் உதவாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். உருளும் மணிகளின் மேல் மென்மையான ரப்பரும் கடின ரப்பரும் ஒன்றுதான். உழவு முடித்து டிராக்டர் உதிர்த்துச் சென்ற சேறும் அப்படியே. அங்கெல்லாம் இரண்டாவது கியரில் செல்லுங்கள். பஞ்சரானால், பட்டன் பகுதியில் உள்ள சிறு துளைக்கு மட்டும், டயரைக் கழற்றி உட்புறமாகக் காளான் ஒட்டு போடும் கடைக்குச் செல்லுங்கள். வெளியிலிருந்து திணிக்கும் திரி ஒட்டு ஊர் வந்து சேர்வதற்கு மட்டுமே. பக்கச்சுவரில் துளை விழுந்திருந்தால் ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு, அது சிறிய அளவினதாக இருந்தால் அதன்மேல் எழுதியுள்ள வேகத்தைத் தாண்டாமல் வீடு திரும்பி, புது டயருக்குச் சொல்லிவையுங்கள்.