ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு தனியாகக் கோலாலம்பூர் போவது எப்படி?

முதல் வெளிநாட்டுப் பயணமாகத் தனியாகக் கோலாலம்பூர் போய் நான்கு நாள் சுற்றிவிட்டு வந்தேன். பாஸ்போர்ட் எடுப்பது, பெட்டி கட்டுவது எல்லாம் உங்களுக்கே தெரியும், அதற்குள் போகவில்லை. சென்னை விமான நிலையத்தோடேயே என் பயணம் முடிந்துவிடப் பார்த்தது. காரணம், என் பெயர்.

படி 1: டிக்கெட்டில் பெயர்

நம்மில் பலருக்கு இனிஷியல் உண்டு, சர்நேம் கிடையாது. பாஸ்போர்ட்டில் இனிஷியல் போட மாட்டார்கள். அதனால் கிவன் நேம் என்ற இடத்தில் முருகன் என்று மட்டும் இருக்கும் (என் பெயர் அதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்), சர்நேம் காலியாக இருக்கும். டிக்கெட் பதியும் தளமோ சர்நேம் போடாமல் அடுத்த பக்கத்துக்கே விடாது. பள்ளிக்கூடத்திலிருந்து விண்ணப்பம் நிரப்பிப் பழகிய கை, அப்பா பெயரைத் தட்டிவிட்டது. முருகன் கந்தசாமி. டிக்கெட்டும் வந்துவிட்டது, நானும் மறந்துவிட்டேன்.

செக்-இன் கவுண்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி பாஸ்போர்ட்டைப் பார்த்தார்.

“சார், கந்தசாமி யாரு?”

“எங்க அப்பாங்க.”

“அவரும் வர்றாரா?”

பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, அப்பா பெயர் இருக்கிற இடத்தில் விரலை வைத்துக் காட்டினேன். மேலதிகாரி வந்தார், யாருக்கோ போன் போட்டார். பின்னால் நின்ற வரிசை பக்கத்துக் கவுண்டருக்கு நகர்ந்தது. முக்கால் மணி நேரம் கழித்து, திருத்தத்துக்கு ஒரு கட்டணம் வாங்கிக்கொண்டு போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். அதில் என் பெயர் முருகன் முருகன்.

அதுதான் அந்த நிறுவனத்தின் வழக்கமாம். ஒற்றைப் பெயர் என்றால் இரண்டு கட்டத்திலும் அதையே போட வேண்டும். வேறு சிலர் முதல் கட்டத்தில் எஃப்என்யு என்று போடச் சொல்கிறார்கள், முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். ஆளுக்கு ஒரு விதம் என்பதால் ஊகம் வேண்டாம். பணம் கட்டும் முன் விமான நிறுவனத்திடமே கேட்டு, வந்த பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட்டையும் அவர்களுடைய தளத்திலேயே போடுங்கள். இடைத்தரகுத் தளத்தில் முந்நூறு ரூபாய் குறைவாக இருக்கலாம், ஆனால் பெயரில் தப்பு வந்தால் இவர் அவரைக் கேள் என்பார், அவர் இவரைக் கேள் என்பார்.

இனிமேல்தான் பாஸ்போர்ட் எடுக்கப் போகிறீர்களா? அப்பா பெயரைச் சர்நேம் கட்டத்தில் போட்டுவிடுங்கள். ஏற்கெனவே ஒற்றைப் பெயரில் இருந்தால் மறுவெளியீட்டுக்கு விண்ணப்பித்துச் சர்நேமைச் சேர்த்துக்கொள்ளலாம். சாதாரண முறையில் 36 பக்கத்துக்கு 1,500 ரூபாய். நான் அதைத்தான் செய்யப் போகிறேன்.

பின்சேர்க்கை: துபாய் போகிற ஒருவர் இதைப் படித்துவிட்டுக் கேட்டிருந்தார். அங்கே கெடுபிடி இன்னும் அதிகம். சுற்றுலா விசாவில் வரும் ஒற்றைப் பெயர்க்காரர்களை விடமாட்டோம் என்று அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. அப்புறம் சிலருக்கு மட்டும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று கொஞ்சம் தளர்த்தினார்கள். விசாவுக்குப் பணம் கட்டும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

படி 2: மலேசிய வருகை அட்டை

2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு மலேசியாவில் 30 நாள் வரை விசா தேவையில்லை. இந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரைக்கும் என்று அறிவித்திருக்கிறார்கள், போகும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் எம்டாக் என்கிற டிஜிட்டல் வருகை அட்டையைப் போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்பியாக வேண்டும். இது முழுக்க இலவசம். கூகுளில் தேடினால் மேலே வருகிற சில தளங்கள் இதற்குக் காசு கேட்கும். மலேசிய அரசுத் தளமா என்று முகவரியைப் பார்த்துவிட்டு நிரப்புங்கள். விடுதியின் அஞ்சல் குறியீடு கேட்பார்கள், கையில் வைத்திருங்கள். நான் தங்கிய பிரிக்ஃபீல்ட்ஸுக்கு (தமிழர்கள் நிறைந்த பகுதி) 50470. பெயர் மட்டும் இங்கே பாஸ்போர்ட்டில் உள்ளபடி. டிக்கெட்டில் இரண்டு முருகன் இருந்தாலும் இங்கே ஒரே முருகன்தான்.

படி 3: கார்டும் போனும்

வங்கிச் செயலியில் போய் வெளிநாட்டுப் பயன்பாட்டை நீங்களே இயக்க வேண்டும். ஒருவேளை கார்டு வேலை செய்யாவிட்டால் என்று கொஞ்சம் ரிங்கிட்டும் (மலேசியப் பணம்) மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். ஊரிலேயே ரோமிங்கையும் இயக்கிவிட்டுக் கிளம்புங்கள், இல்லாவிட்டால் ஓடிபி வராது. அங்கே போய் உள்ளூர் சிம் வாங்கினாலும் நம்ம சிம்மைக் கழற்றி எறிந்துவிட வேண்டாம். டாக்ஸி கூப்பிட உதவும் கிராப் செயலியிலும் இங்கிருந்தே பதிந்துவிடுவது நல்லது.

ஏடிஎம்மில் பணம் எடுக்கும்போது ரூபாயிலா ரிங்கிட்டிலா என்று ஒரு கேள்வி வரலாம். ரிங்கிட் என்றே அழுத்துங்கள். ரூபாய்க் கணக்கு பார்க்க எளிதாகத் தெரியும், ஆனால் மாற்று விகிதத்தில் கடித்துவிடுவார்கள்.

படி 4: இறங்கியதும்

திரும்பி வரும் டிக்கெட், விடுதி பதிவு இரண்டையும் காகிதத்தில் எடுத்துப் போங்கள். இமிகிரேஷன் அதிகாரி என்னிடம் கேட்டது எத்தனை நாள், எங்கே தங்கல், அவ்வளவுதான். கேட்டதற்கு மட்டும் பதில். பதற்றத்தில் மாமா பையன் இங்கே வேலை பார்த்த கதையெல்லாம் ஆரம்பிக்க வேண்டாம்.

விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு எக்ஸ்பிரஸ் ரயில் 55 ரிங்கிட், அரை மணி நேரம். தனி ஆளுக்கு அது அதிகம். பேருந்து அதில் பாதிகூட இல்லை, ஒரு மணி நேரம் சொகுசாக உட்கார்ந்து போகலாம். இரண்டும் கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் விடும், அங்கிருந்து பிரிக்ஃபீல்ட்ஸ் நடை தூரம். முதல்முறை தனியாகப் போகிறவர்கள் அங்கேயே அறை எடுங்கள் என்பேன். மறுநாள் காலை கடையில் உட்கார்ந்ததும், “பசியாறியாச்சா தம்பி?” என்று கேட்டார் பரிமாறியவர். முந்தின நாள் கவுண்டரில் பிடித்த படபடப்பு அப்போதுதான் முழுசாக இறங்கியது.

பின்சேர்க்கை 2: பாஸ்போர்ட்டில் இசிஆர் (வெளிநாட்டு வேலைக்குப் போகும் முன் அரசு அனுமதி வேண்டும் என்கிற குறிப்பு) முத்திரை இருந்தால் மலேசியா போக முடியாதா என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கட்டுப்பாடு வேலைக்குப் போகிறவர்களுக்கு. சுற்றுலாவுக்குத் தாராளமாகப் போகலாம். சென்னையில் ஒருவேளை கூடுதலாக இரண்டு கேள்வி வரும், திரும்பும் டிக்கெட்டை எடுத்துக் காட்டுங்கள்.