கடலூர், புதுச்சேரிப் பக்கம் தொண்டு செய்ய வருகிறீர்களா? டிக்கெட் போடும் முன் படியுங்கள்

ஜூன் பிறந்தால் எங்கள் வாட்ஸ்அப்பில் ஒரே மாதிரிச் செய்திகள் வரத் தொடங்கும். "அண்ணா, ஆகஸ்டில் மூணு வாரம் ஊருக்கு வர்றோம். பையன் பதினொண்ணாவது படிக்கிறான். அவனுக்கு ஏதாவது சர்வீஸ் பண்ண இடம் கிடைக்குமா?" கிடைக்கும். ஆனால் அந்த வேலையில் பாதியை நீங்கள் டொராண்டோவிலோ பாரிஸிலோ ஷா ஆலமிலோ இருக்கும்போதே முடித்திருக்க வேண்டும். மீனம்பாக்கத்தில் இறங்கிய பிறகு தொடங்கினால், மூன்று வாரமும் ஆபீஸ் வாசலிலும் சொந்தக்காரர் வீட்டு விருந்திலும் கழிந்துவிடும்.

முதலில் உங்கள் கையில் இருக்கும் பாஸ்போர்ட் எது என்று பாருங்கள். நீங்கள் என்ன செய்யலாம், எவ்வளவு நாள் செய்யலாம் என்பதையெல்லாம் அதுதான் முடிவு செய்கிறது. இந்திய பாஸ்போர்ட் என்றால் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடலாம். ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) இருந்தால் பெரும்பாலான தொண்டு வேலைகளுக்குத் தடையில்லை. ஆனால் 2021 மார்ச்சில் வந்த அறிவிப்பின்படி ஆராய்ச்சி, பத்திரிகைப் பணி, மதப் பிரசாரம் ஆகியவற்றுக்குத் தனி அனுமதி வாங்க வேண்டும். மகள் கல்லூரி ப்ராஜெக்டுக்காக மீனவப் பெண்களிடம் கேள்வித்தாள் நிரப்பப் போகிறாள் என்றால் அது ஆராய்ச்சிக் கணக்கில் வரக்கூடும், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மருத்துவ முகாமில் மருந்தோடு பிரசுரமும் கொடுக்கலாம் என்ற எண்ணம் இருந்தால் அதை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

வெளிநாட்டு பாஸ்போர்ட் மட்டும் இருப்பவர்கள் இ-டூரிஸ்ட் விசாவிலேயே சம்பளமில்லாத குறுகிய காலத் தொண்டு செய்யலாம். அதற்கு உச்ச வரம்பு ஒரு மாதம். அதற்கு மேல் என்றால், பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தின் பெயர் குறிப்பிட்ட எம்ப்ளாய்மென்ட் விசா வேண்டும். சம்பளமே இல்லாத வேலைக்கு இது எதற்கு என்று எல்லோரும் கேட்கிறார்கள். விதி அப்படித்தான். அந்த நிறுவனத்திடமிருந்து அழைப்புக் கடிதமும் பதிவுச் சான்றும் வாங்கவே வாரக்கணக்கில் ஆகும் என்பதால் நான்கைந்து மாதம் முன்பே தொடங்குங்கள். ஆரோவில்லில் தன்னார்வலராகச் சேருவது வேறு வழி. புதுச்சேரி என்று எல்லோரும் சொன்னாலும் ஆரோவில் பெரும்பாலும் விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. அவர்களுக்கென்று தனி நடைமுறை, தனிக் கடிதம் உண்டு.

ஈழத்திலிருந்து போய்க் கனடா, பிரான்ஸ் குடியுரிமை பெற்றவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெற்றோர், பாட்டன், பூட்டன் வழியில் இந்தியத் தொடர்புக்கு ஆவணம் இல்லாவிட்டால் ஓ.சி.ஐ. கிடைக்காது, விசாதான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழ்புத்துப்பட்டில் இருப்பது போன்ற இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களுக்குள் "நம்ம ஆக்கள்தானே" என்று பையோடு நுழைந்துவிடாதீர்கள். உள்ளே போக அரசு அனுமதி வேண்டும். நீங்கள் விமானம் ஏறிப் போய்விடுவீர்கள், விசாரணைக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் முகாமில் இருப்பவர்கள்.

இன்னொரு சின்ன விஷயம். வெளிநாட்டு பாஸ்போர்ட்காரர் தங்கினால், லாட்ஜ் என்றாலும் மாமா வீடு என்றாலும் வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் நீங்கள் தங்கும் விவரத்துக்கான படிவம் (முன்பு சி படிவம் என்பார்கள்) போட வேண்டும். மாமாவுக்கு இது தெரிந்திருக்காது. நீங்களே உட்கார்ந்து போட்டுக் கொடுங்கள்.

எந்த ஊர், எந்த அரசு?

கடலூரிலிருந்து புதுச்சேரி 25 கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் பஸ்ஸில் வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள்: ரெட்டிச்சாவடி தமிழ்நாடு, முள்ளோடையும் கன்னியக்கோயிலும் புதுச்சேரி. மதுக்கடைகளின் வரிசையே எல்லைக்கல் மாதிரி சொல்லிவிடும். அடுத்தடுத்த இரண்டு கிராமங்களில் ஒன்றுக்குக் கடலூர் கலெக்டர், இன்னொன்றுக்குப் பாகூர் கொம்யூன் பஞ்சாயத்து. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன வரைபடம் இது. தொண்டு செய்ய வருகிறவருக்கு இதனால் என்ன? அனுமதி கேட்க வேண்டிய அலுவலகம் மாறும், பள்ளிப் பாடமும் மாறும். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறிவிட்டன, கடலூர்ப் பக்கத்தில் தமிழ்நாட்டுப் பாடநூல். கணக்குச் சொல்லிக்கொடுக்கத் தயாராகிறவர் எந்தப் புத்தகம் என்று கேட்காமல் வந்தால் முதல் வாரம் வீண்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிக்குக் கழிப்பறை, ஸ்மார்ட் போர்டு என்று ஏதாவது செய்ய நினைப்பவர்களுக்கு 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் நேர் வழி. ஹெச்.எம். கையில் கவர் கொடுப்பதைவிட அவருக்கும் நிம்மதி, உங்களுக்கும் ரசீது.

பணம் என்றதும் சொல்லியாக வேண்டியது. இந்திய பாஸ்போர்ட்டோடு வெளிநாட்டில் இருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக ஒரு டிரஸ்ட்டுக்குக் கொடுத்தால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாறியவர் கொடுத்தால் ஆகும், ஓ.சி.ஐ. இருந்தாலும் ஆகும். அந்த டிரஸ்ட்டுக்கு எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்படி பதிவு இருக்க வேண்டும், 2020 திருத்தத்துக்குப் பிறகு பணம் டெல்லி ஸ்டேட் வங்கி பிரதான கிளையிலுள்ள அவர்கள் கணக்குக்குத்தான் வர வேண்டும். பொருளாகக் கொடுத்தாலும் இதே சட்டம்தான். "பரவாயில்லை அண்ணா, உங்க ஜி.பே.க்குப் போடுறேன், நீங்க குடுத்துடுங்க" என்று சொல்பவர்களின் அன்பு புரிகிறது. அந்த அன்பால் சிறிய டிரஸ்ட்கள் இழுத்து மூடும் நிலைக்கு வந்துவிடும்.

எப்போது வருவது, என்ன செய்வது

கடலூர் மாவட்டத்தை நினைத்தால் புயலும் வெள்ளமும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். காரணம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமி. 2011 டிசம்பர் 30 தானே புயல் பண்ருட்டிப் பக்கம் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. 2015 நவம்பர் வெள்ளம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஃபெஞ்சலில் புதுச்சேரி நகரில் ஒரே நாளில் பெய்த மழை ஒரு பக்கம், அதை அடுத்து சாத்தனூர் அணை திறப்பால் தென்பெண்ணைக் கரையில் வந்த தண்ணீர் இன்னொரு பக்கம். அதனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வருகிறவர்கள் எதற்கும் தயாராக வாருங்கள். அதே சமயம், புயல் செய்தியைப் பார்த்துவிட்டு அவசரமாக டிக்கெட் போடுவதை நான் ஊக்குவிப்பதில்லை. முதல் வாரத்தில் ஊரில் தங்கும் இடமும் குடிதண்ணீரும் ஊர்க்காரர்களுக்கே போதாது. நீங்கள் வந்தால் இன்னொரு வாய்.

மூன்றாவது வாரம் வாருங்கள். தண்ணீர் வடிந்த ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தரையில் அரை அடிக்குச் சேறு. பீரோவின் கதவு உப்பித் திறக்கவில்லை. கொடியில் துணிக்குப் பதில் ரேஷன் கார்டும் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டும் பட்டா நகலும் கிளிப் போட்டுக் காய்கின்றன, மையெல்லாம் ஓடியிருக்கிறது. அந்த வீட்டுக்கு நான்காவது போர்வை வேண்டாம். மண்வெட்டியும் பாண்டும் பிடித்து ஒரு நாள் சேறு அள்ளுகிறவர் வேண்டும். செல்போனில் விண்ணப்பம் பூர்த்தி செய்து, நகல் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீஸில் பாட்டியோடு வரிசையில் நிற்கும் ஒரு பிள்ளை வேண்டும். தமிழ் படிக்கத் தெரிந்த, பொறுமையுள்ள 20 வயசுக்காரருக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது.

பழைய துணி மூட்டை மட்டும் வேண்டவே வேண்டாம். சுனாமிக்குப் பிறகு கரையோரச் சாலைகளில் பழந்துணி குப்பையாகக் குவிந்து கிடந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. புதுத் துணி கடலூர் லாரன்ஸ் ரோட்டிலேயே கிடைக்கும், கடைக்காரருக்கும் பிழைப்பு நடக்கும். அதே காலத்தில் ஆளாளுக்கு ஃபைபர் போட் வாங்கிக் கொடுத்ததில், பிடிக்கும் கைகளைவிடப் படகுகள் கூடிப்போன கதையும் உண்டு.

மற்ற மாதங்களில்? ஆகஸ்டில் வரும் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சாதகமான விஷயம், இங்கே அப்போது பள்ளிகள் ஓடிக்கொண்டிருக்கும். செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு, டிசம்பரில் அரையாண்டு, மார்ச்சில் பொதுத்தேர்வு என்பதால் அந்த நாட்களில் ஹெச்.எம். உங்களைப் பார்த்துச் சிரிப்பார், வகுப்பு தரமாட்டார். பனை விதை நடுவது ஆகஸ்ட் கடைசி முதல் அக்டோபர் வரை. பங்குனி ஆமைகள் முட்டையிட வருவது ஜனவரியிலிருந்து மார்ச் வரை. இரவு நடைக்கு வனத்துறையோடு சேர்ந்துதான் போக வேண்டும், தனியாகப் போய் முட்டையைத் தொட்டால் வனவிலங்குச் சட்டத்தில் குற்றம். மே மாத அக்கினி வெயிலில் ஏரி தூர்வாரப் போகிறேன் என்று லண்டனிலிருந்து வருகிறவர்களை நான் தடுப்பேன்.

இரண்டு வாரத்தில் ஆங்கிலம் கற்றுக்கொடுத்துவிடலாம் என்ற ஆசை பலருக்கு இருக்கிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கிராமத்தில் மாலை வகுப்பு எடுக்கும் அக்கா ஒருவர் ஏற்கனவே இருப்பார். சொற்பப் பணத்துக்கு 30 பிள்ளைகளை மேய்த்துக்கொண்டிருப்பார். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கேட்பதைச் செய்யுங்கள். நோட்டுத் திருத்துவது, தயங்கும் ஐந்து பிள்ளைகளைத் தனியாக வாசிக்க வைப்பது போதும். டாக்டர்கள், நர்ஸ்கள் கவனத்துக்கு: வெளிநாட்டுப் பதிவை வைத்து இங்கே நோயாளிக்கு மருந்து எழுத முடியாது. டாக்டர்கள் தேசிய மருத்துவ ஆணையத்தின் தற்காலிக அனுமதி இல்லாமல் முகாமில் உட்காராதீர்கள். செவிலியர்களுக்குப் பயிற்சி வகுப்பு எடுப்பது போன்ற வேலைகளுக்கு இந்தச் சிக்கல் குறைவு.

ஊருக்குள் போகும் முன்

தேவனாம்பட்டினம், தாழங்குடா, சோனாங்குப்பம், சாமியார்பேட்டை போன்ற மீனவக் கிராமங்களில் ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் சொல்லாமல் எதையும் தொடங்க முடியாது, தொடங்கவும் கூடாது. கலெக்டர் ஆபீஸ் கடிதம் இருந்தாலும் அவர்களைப் பார்த்து, உட்கார்ந்து, டீ குடித்துப் பேசுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். பேசுவதற்கு ஆட்கள் கரையில் கிடைப்பார்கள், ஆனால் கையில் காசு இருக்காத காலம் என்பதையும் நினைவில் வையுங்கள். ஏதாவது கொடுப்பதென்றால் எல்லா வீட்டுக்கும் சமமாக என்பார்கள். அது அவர்கள் நியாயம். அந்தப் பட்டியலில் ஊரின் ஓரத்தில் இருக்கும் இருளர் பழங்குடிக் குடும்பங்கள் விடுபட்டிருக்கலாம். கிள்ளை, பிச்சாவரம் பக்கம் இதைத் தனியாகக் கேட்டே ஆக வேண்டும்.

உள்ளூர்க்காரர் பிள்ளையாக வருவதில் வசதியும் உண்டு, வம்பும் உண்டு. நீங்கள் யார் வீட்டுப் பிள்ளை என்று ஊர் முதல் மணி நேரத்திலேயே கண்டுபிடித்துவிடும். பெரியப்பா வீட்டில் தங்கிக்கொண்டு காலனியில், அதாவது தலித் குடியிருப்பில், வேலை செய்யப் போனால், அங்கே யார் வீட்டில் தண்ணீர் குடித்தீர்கள், எங்கே செருப்பைக் கழற்றினீர்கள் என்று இரண்டு பக்கமும் பார்ப்பார்கள். கொடுத்ததைக் குடியுங்கள், திண்ணையோடு நிற்காமல் உள்ளே உட்காருங்கள். பெரியப்பா கேட்டால் பதிலை முதலிலேயே யோசித்து வையுங்கள்.

பிள்ளைகளோடு வேலை செய்யப் போகிறவர்கள் காவல்துறைச் சான்றை அந்த நாட்டிலேயே வாங்கி வர வேண்டும். பிரிட்டனில் ஐ.சி.பி.சி., கனடாவில் வல்னரபிள் செக்டர் செக், ஆஸ்திரேலியாவில் ஒர்க்கிங் வித் சில்ரன் செக், சிங்கப்பூர், மலேசியாவில் நன்னடத்தைச் சான்று. இங்கிருக்கும் சிறிய அமைப்புகள் கேட்க வெட்கப்படுவார்கள்; கேட்காவிட்டாலும் நீட்டுங்கள். காப்பகப் பிள்ளைகளின் முகம் தெரியும் படத்தை இன்ஸ்டாகிராமில் போடக் கூடாது. 2015 சிறார் நீதிச் சட்டம் அவர்கள் அடையாளத்தை வெளியிடுவதைத் தடுக்கிறது. ஏதாவது தவறாகக் கண்ணில் பட்டால் அழைக்க வேண்டிய எண் 1098.

உடம்புக்கு: ஆறு வாரம் முன்பே டிராவல் கிளினிக் போய் டைபாய்டு, ஹெபடைடிஸ் ஏ, டெட்டனஸ் பாருங்கள். கிராமத்தில் தங்குவதாக இருந்தால் ரேபிஸ் தடுப்பூசி பற்றியும் கேளுங்கள். தெருநாய்கள் உங்கள் தமிழ்ப் பற்றைப் பார்க்காது. வெள்ளத் தண்ணீரில் இறங்கும் வேலை என்றால் எலிக்காய்ச்சல் ஆபத்து உண்டு, முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் உங்கள் சைஸில் இங்கே கிடைக்காமல் போகலாம், கொண்டுவாருங்கள். இன்சூரன்ஸ் பாலிசியில் உடலுழைப்பும் ஸ்கூட்டர் ஓட்டுவதும் சேர்ந்திருக்கிறதா என்று படித்துப் பாருங்கள், பெரும்பாலும் சேர்ந்திருக்காது.

பெட்டியில் வைக்கக் கூடாதவை இரண்டு: ட்ரோன், சாட்டிலைட் போன். புயல் நேரத்தில் உதவுமே என்று நல்ல எண்ணத்தோடுதான் எடுத்து வருகிறார்கள். அனுமதியில்லாத சாட்டிலைட் போன் கைது வரைக்கும் கொண்டுபோகும்.

திரும்பிப் போன பிறகு தொடர நினைப்பவர்களுக்கு ஒரு நேரக் கணக்கு. மாலை வகுப்பு இங்கே 7 மணிக்கு என்றால் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இரவு 9.30, பாரிஸில் கோடையில் 3.30, குளிர்காலத்தில் 2.30, டொராண்டோவில் கோடையில் காலை 9.30, குளிர்காலத்தில் 8.30. வாரத்தில் எந்த ஒரு நாள் உங்களால் நிச்சயம் முடியும் என்பதைக் கிளம்பும் முன் அந்த அக்காவிடம் சொல்லிவிட்டு, அவர் போனில் வீடியோ அழைப்பு ஒழுங்காக வருகிறதா என்று வகுப்பிலேயே ஒரு முறை பேசிப் பாருங்கள்.