வட்ஸ்அப்பில் தொடங்கும் மாற்றுப் பொருளாதாரம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு கொழும்புத் தமிழர்களின் கையடக்கத் தொலைபேசிகளில் இரண்டு விதமான குரூப்களைப் பார்க்கலாம். ஒன்று ஆர்ப்பாட்டத்துக்கு ஆள் சேர்ப்பது. மற்றது விலைவாசியைச் சமாளிக்க நாலு வீடு சேர்ந்து அரிசி, பருப்பு வாங்குவது, சீட்டுப் போடுவது, பிள்ளைகளின் பயிற்சிப் புத்தகங்களைக் கைமாற்றுவது. இப்போதிருக்கும் பொருளாதார முறைக்கு மாற்று என்று சொல்லத்தக்கது இரண்டாவதுதான் என்பது என் அபிப்பிராயம். ஆனால் அதைத் தொடங்குபவர்கள் பலர் முதலாவதில் பழகிய பழக்கத்தோடுதான் வருகிறார்கள். ஆள் சேர்ந்தால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள்.

ஆள் சேர்ப்பது இப்போது கஷ்டமே இல்லை. 2018 ஒக்டோபரில் மலையக இளைஞர்கள் கறுப்புச் சட்டையோடு காலிமுகத்திடலை நிறைத்தார்கள். தோட்டத் தொழிலாளிக்கு நாட்சம்பளம் 1000 ரூபா என்பது கோரிக்கை. அழைப்புப் போனது பெரும்பாலும் பேஸ்புக் வழியாக. வந்தவர்களில் நிறையப் பேர் கொழும்பில் கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்தவர்கள். அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். 2019 ஜனவரியில் தொழிற்சங்கங்களும் தோட்டக் கம்பனிகளும் செய்யும் கூட்டு ஒப்பந்தம் கையெழுத்தானபோது அடிப்படைச் சம்பளம் 700 ரூபா. 1000 ரூபா வந்தது 2021 மார்ச்சில், சம்பள நிர்ணய சபை ஊடாக, வர்த்தமானியில். திடலில் நின்றவர்கள் யாருக்கும் அந்த இரண்டு மேசைகளிலும் கதிரை இருக்கவில்லை. கூட்டம் வீண் என்று சொல்ல வரவில்லை. அந்தக் கோரிக்கையை நாடு முழுக்கப் பேசவைத்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் எந்த மேசையில் முடிவாகிறது, அங்கே நமக்காக யார் உட்காருவார் என்று முதலே கேட்காவிட்டால் படங்கள்தான் மிஞ்சும். 2022இல் அதே திடலில் நடந்த மக்கள் போராட்டமான அரகலயவுக்கும் ஓரளவு இதே கதை. அந்த வருடம் ஏப்ரல் 9இல் தொடங்கி ஜூலை 14இல் ஒரு ஜனாதிபதியைப் பதவி விலகவைத்தது. கடன் மறுசீரமைப்பும் 2023 மார்ச்சில் வந்த சர்வதேச நாணய நிதிய உடன்பாடும் வேறு அறைகளில் முடிவாகின.

அடுத்த தவறு, 'எங்களுக்குத் தலைவர் இல்லை' என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வது. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் குரூப்பிலிருந்து ஒருவரை நீக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அவர்தான் தலைவர். அட்மினைத் தெரிவு செய்யவும் வழி இல்லை, மாற்றவும் வழி இல்லை என்றால் அது பழைய கட்சியைவிட மோசம். கட்சிக்காவது யாப்பு என்று ஒன்று இருக்கும். மூன்று பேர், ஆறு மாதம், பிறகு வேறு மூன்று பேர் என்று எழுதிவைத்தால் பாதிச் சண்டை வராது.

சரி, காசுக்கு வருவோம். நல்ல முயற்சிகள் அதிகம் கவிழ்வது இங்கேதான்.

ஒரு தொடர்மாடியில் பன்னிரண்டு வீடு சேர்ந்து புறக்கோட்டை மொத்தக் கடையில் 25 கிலோ பருப்பு மூட்டை எடுக்கிறார்கள் என்று வையுங்கள். வீட்டுக்கு இரண்டு கிலோ, போக ஒரு கிலோ மிச்சம். கணக்கில் அப்படித்தான். தராசில் போட்டால் அந்த ஒரு கிலோவைக் காணோம். நிறுக்கும்போது ஒவ்வொரு பையிலும் கொஞ்சம் கூடிவிடும், கீழே கொஞ்சம் சிந்தும், மூட்டையே சொன்ன நிறையைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கும். மூட்டை தூக்கும் நாட்டாமையின் கூலி, ஆட்டோக் காசு, பைகள் இதெல்லாம் யார் கணக்கில்? போய் வந்தவர் 'பரவாயில்லை' என்று தன் கையால் போட்டுவிடுவார். இரண்டாவது தடவையும் போடுவார். மூன்றாவது தடவை குரூப்பில் யாராவது 'கடையிலும் இந்த விலைதானே' என்று குரல் பதிவு அனுப்பியதும் அவர் விலகிவிடுவார். அதோடு முயற்சியும் முடிந்தது.

இதற்கு மருந்து சின்னதுதான். மூட்டை விலையோடு கூலி, ஆட்டோ, பை, சேதாரம் எல்லாம் கூட்டி, வீடுகளால் பிரித்து, அடுத்த பத்து ரூபாவுக்கு உயர்த்தி விலை போடுங்கள். மிஞ்சுவது பொது நிதி. பில்லின் படமும் கணக்குப் பக்கத்தின் படமும் அன்றைக்கே குரூப்பில் வரவேண்டும். முன்காசு வராமல் சாமான் எடுப்பதில்லை என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். கடன் கொடுக்கவேண்டிய வீடுகள் இருக்கும், கொடுக்கத்தான் வேண்டும். அதைப் பொது நிதியிலிருந்து, எல்லோரும் சேர்ந்து தீர்மானித்துக் கொடுங்கள். வாங்கிவந்தவரின் கைக்காசில் அது விழக்கூடாது. இன்னொன்று, இந்த நிறுப்பதும் கட்டுவதும் எப்போதும் அதே இரண்டு அக்காமார் தலையிலேயே விழும். விவாதம் நடத்துவது அவர்களின் அண்ணன்மார். முறை வைத்துச் செய்யுங்கள், அல்லது அந்த அக்காமாருக்குக் கூலி கொடுங்கள்.

சேரும் காசைத் தனி ஒருவரின் வங்கிக் கணக்கில் போடுவது இன்னொரு பெரிய தவறு. அவர் நேர்மையானவராகவே இருக்கட்டும். அவருக்கு வருத்தம் வந்தால், வெளிநாடு போனால், கணக்கு முடக்கப்பட்டால் என்ன செய்வீர்கள்? இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் காசு எடுக்கலாம் என்ற ஏற்பாட்டோடு கூட்டுக் கணக்கு திறக்கலாம். நம் ஒழுங்கைகளிலேயே, செத்த வீட்டுச் செலவுக்குக் கைகொடுக்கும் மரணாதார சங்கங்கள் இருக்கின்றன, அங்கே போய்க் கேளுங்கள். மாதச் சந்தா, பற்றுச்சீட்டு, பொருளாளர், ஆண்டுக் கூட்டம் என்று அலுப்பான விஷயங்களை அவர்கள் எத்தனையோ வருடமாகச் செய்துவருகிறார்கள். மாற்றுப் பொருளாதாரம் பற்றிப் பேசும் பல கூட்டங்களுக்கு இவர்களில் ஒருவரைக்கூட அழைப்பதில்லை என்பது எனக்கு விளங்காத விஷயம்.

சட்டத்தின் எல்லையையும் தெரிந்திருக்கவேண்டும். அறிந்தவர்கள் பத்துப் பேர் சீட்டுப் போடுவது வேறு. பொதுமக்களிடம் காசு வாங்கி வட்டி தருவதாகச் சொல்வது வேறு. 2011ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க நிதி வணிகச் சட்டப்படி அனுமதி இல்லாமல் வைப்புப் பணம் ஏற்கமுடியாது. 'இன்னும் மூன்று பேரைச் சேர்த்தால் உங்கள் பங்கு கூடும்' என்று யாராவது சொன்னால் அது பிரமிட். வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவு அதைத் தடைசெய்கிறது. நெருக்கடிக் காலத்தில் இப்படியான திட்டங்கள் 'வங்கிகளுக்கு மாற்று', 'மக்கள் பணம்' என்ற பெயரில்தான் வரும். வார்த்தைகள் எல்லாம் நம்முடையவை மாதிரியே இருப்பதால் ஏமாறுவதும் சுலபம்.

சமூகச் சமையலறையும் கூட்டுறவும் ஒன்று என்று நினைப்பதும் நிறைய நடக்கிறது. 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியபோது சமையலறைகள் பல வயிறுகளைக் காப்பாற்றின. ஆனால் அது நன்கொடையில் ஓடுவது. கொடுப்பவர் நிறுத்தினால் அடுப்பும் நின்றுவிடும். கூட்டுறவில் சாப்பிடுபவரே உரிமையாளர். 1844இல் இங்கிலாந்தின் ரொச்டேல் நகரில் 28 பேர் கடை தொடங்கியபோது வைத்த விதிகளில் இரண்டு இன்றைக்கும் போதும்: ஆளுக்கு ஒரு வாக்கு, வாங்கிய அளவுக்கு ஏற்ப இலாபத்தில் பங்கு. இலங்கையிலும் 1911இலிருந்தே கூட்டுறவுக்குச் சட்டம் இருக்கிறது, சங்கக்கடையைத் தெரியாத தமிழர் இல்லை. பிறகு அரசியல்வாதிகளின் ஆட்கள் நிர்வாகத்தில் உட்கார்ந்ததும் பல சங்கங்களுக்கு என்ன ஆனது என்பதும் தெரியும். ஆகவே உங்கள் குழுவுக்கு ஒரு வேட்பாளர் தராசு வாங்கித் தருகிறேன் என்று வந்தால் கொஞ்சம் யோசியுங்கள்.

தொலைபேசி விஷயத்தில் இரண்டே எச்சரிக்கைகள். 2018 மார்ச், 2019 ஏப்ரல், 2022 ஏப்ரல் என்று பல தடவை இந்த நாட்டில் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. உறுப்பினர்களின் பெயரும் இலக்கமும் ஒரு கொப்பியில் இருக்கட்டும். அப்புறம், கூட்டத்துக்கு வந்தவர்களின் முகங்களைக் கேட்காமல் பதிவேற்றாதீர்கள். முகநூல் பதிவுக்காகவே பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் தமிழ் இளைஞர்கள் கைதான நாடு இது. 2024இலிருந்து, இணையப் பதிவுகளைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் சேர்ந்திருக்கிறது. அருகில் நிற்பவர் அரச உத்தியோகத்தரா, வீட்டுக்காரருக்குப் பயந்து வாடகைக்கு இருப்பவரா என்று படம் எடுப்பவருக்குத் தெரியாது.

கடைசியாக, மூடுவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆட்கள் வீடு மாறுவார்கள், கனடா போவார்கள், ஆர்வம் குறையும். அது தோல்வி இல்லை. ஆனால் பொது நிதியில் கிடக்கும் பன்னிரண்டாயிரம் ரூபா யாருக்கு, தராசு யார் வீட்டில், பேஸ்புக் பக்கத்தின் கடவுச்சொல் யாரிடம் என்பதை முதல் கூட்டத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பல்லாயிரம் பேர் பின்தொடரும் பக்கம் உரிமையாளர் இல்லாமல் கிடந்தால், அடுத்த தேர்தலில் அதில் யாருடைய சிரித்த முகம் வரும் என்று சொல்லமுடியாது.