மத்திய அரசுக் கொள்முதலில் பட்டியலினத் தொழில்முனைவோருக்கான 4 விழுக்காடு: முதல் ஒப்பந்தப்புள்ளி இடுவது எப்படி?

பேராவூரணிப் பக்கம் தென்னை நாரில் மிதியடி நெய்யும் பட்டறை ஒன்றில், சென்ற மாதம் ஓர் உத்யம் சான்றிதழை, அதாவது குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கு மத்திய அரசு தரும் பதிவுச் சான்றிதழை, வாங்கிப் பார்த்தேன். தொழில் வகைக்கு எதிரே 'வணிகம்' என்றும், சமூகப் பிரிவுக்கு எதிரே 'பொது' என்றும் இருந்தன. பட்டறையை நடத்துபவர் பட்டியலினத்தவர், தறிகளும் அவருடையவை. விண்ணப்பத்தை நிரப்பியவர் அவரைக் கேட்காமலே தேர்ந்தெடுத்த அந்த இரண்டு சொற்களால், அவருக்குரிய சலுகை முழுவதும் கைநழுவிப் போயிருந்தது.

குறு, சிறு தொழில்களுக்கான 2012ஆம் ஆண்டின் பொதுக் கொள்முதல் ஆணைப்படி, மத்திய அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் தம் ஆண்டுக் கொள்முதலில் 25 விழுக்காட்டை இத்தகைய தொழில்களிடமிருந்து வாங்க வேண்டும். அதற்குள் 4 விழுக்காடு பட்டியலினத்தவர், பழங்குடியினர் நடத்தும் தொழில்களுக்கும், 3 விழுக்காடு பெண்கள் நடத்தும் தொழில்களுக்கும் உரியது. நம் பகுதியைச் சுற்றித் திருச்சி பெல், பொன்மலை ரயில்வே பணிமனை, காரைக்கால் ஓஎன்ஜிசி ஆகியவை இந்த ஆணைக்குள் வருகின்றன. மாநில அலுவலகங்களுக்கு 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் தனியாக உள்ளது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

முதல் வேலை உத்யம் பதிவு. ஆதாரும் பான் எண்ணும், ஜிஎஸ்டி பதிவு கட்டாயமானவர்களுக்கு அந்த எண்ணும் வேண்டும். கட்டணம் கிடையாது, எனவே யாரேனும் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். வாங்கி விற்பவருக்கு இந்தக் கொள்முதல் சலுகை இல்லை என்பதால், நீங்களே தயாரிப்பவரானால் 'உற்பத்தி' என்பதைத் தேர்ந்தெடுங்கள். சமூகப் பிரிவைச் சாதிச் சான்றிதழில் உள்ளபடி பதியுங்கள். கூட்டு நிறுவனமானால் பட்டியலினக் கூட்டாளிகளின் பங்கு குறைந்தது 51 விழுக்காடு இருக்க வேண்டும். முன்பே தவறாகப் பதிந்திருந்தால் உத்யம் இணையதளத்திலேயே திருத்தலாம். பட்டறைக்காரரும் அப்படித்தான் திருத்திக்கொண்டார்.

அடுத்து, அரசு அலுவலகங்கள் பொருள் வாங்கும் இணையச் சந்தையான ஜெம் தளத்தில் விற்பனையாளராகப் பதிந்து, உத்யம் எண்ணை இணையுங்கள்.

ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தைப் படிக்கும்போது இஎம்டி எனப்படும் முன்வைப்புத் தொகை பற்றிய பகுதியை முதலில் தேடுங்கள். உத்யம் சான்றிதழை இணைக்கும் குறு, சிறு தொழில்களுக்கு அந்தத் தொகையும் ஆவணக் கட்டணமும் விலக்கு. ஆர்டர் கிடைத்தபின் கேட்கப்படும் உத்தரவாதத் தொகைக்கு இந்த விலக்கு பொருந்தாது. அதற்கான பணத்தை முன்பே ஒதுக்கி வையுங்கள்.

விலை குறிப்பிடும் இடத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். 1,000 மிதியடிக்கான ஒப்பந்தப்புள்ளியில் ஒரு பெரிய நிறுவனம் ஒன்றுக்கு 100 ரூபாய் என்றும், நீங்கள் 112 ரூபாய் என்றும் குறித்திருப்பதாக வைத்துக்கொள்வோம். உங்கள் விலை மிகக் குறைந்த விலையைவிட 15 விழுக்காட்டுக்குள் இருப்பதால், அதே 100 ரூபாய்க்குத் தர முடியுமா என்று உங்களைக் கேட்பார்கள். சம்மதித்தால் மொத்தத்தில் 25 விழுக்காடு, அதாவது 250 மிதியடிவரை உங்களுக்குக் கிடைக்கும். 112 ரூபாய் ஒருபோதும் கிடைக்காது. ஆகவே நார், கயிறு, கூலி, லாரி வாடகை எல்லாம் சேர்த்து எந்த விலைவரை இறங்க முடியும் என்பதை விலை குறிப்பதற்கு முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலினத் தொழில்முனைவோர் பங்கேற்காவிட்டால் அந்த 4 விழுக்காடு மற்றக் குறு, சிறு தொழில்களுக்குப் போய்விடும். நம்மவர்கள் விண்ணப்பிக்காமலே அது போவதுதான் எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

சரக்கைக் கொடுத்தபின், பெற்றுக்கொண்டவரின் முத்திரையும் தேதியும் உள்ள டெலிவரி சலான் நகலைப் பத்திரப்படுத்துங்கள். குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம், 2006இன்படி, வாங்குபவர் 15 நாட்களுக்குள் எழுத்தில் குறை சொல்லாவிட்டால், சரக்கு வந்த நாளே ஏற்றுக்கொண்ட நாளாகக் கருதப்படும். ஒப்பந்தத்தில் எப்படி எழுதியிருந்தாலும் அந்த நாளிலிருந்து 45 நாட்களுக்குள் பணம் வந்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்டு, பணத் தாமதப் புகார்களை விசாரிக்கும் குறு, சிறு தொழில் வசதி மன்றத்திடம் முறையிடலாம். அப்போது அந்தச் சலான் நகல்தான் உங்கள் முதல் ஆதாரம்.