நடைபாதை கேட்டு மனு போடுகிறீர்களா? முதலில் டேப்பை எடுங்கள்

எங்கள் தெருமுனையிலிருந்து பஸ் ஸ்டாப் 340 மீட்டர். அப்பாவுக்கு முழங்கால் வலி வந்த பிறகுதான் அது எவ்வளவு தூரம் என்று எனக்கு உறைத்தது. சென்னையில் 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. ஏறிவிட்டால் செலவில்லை, ஆனால் ஸ்டாப் வரை நடக்க வழி வேண்டுமே. வழியில்லாதவர்கள் ஸ்கூட்டி வாங்கிவிடுகிறார்கள், புகை கூடுகிறது.

நாம் கேட்பது சலுகை இல்லை, மாநகராட்சி தானே எழுதி வைத்ததைத்தான். போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் போக வேண்டும் என்று 2014-ல் கொள்கை வகுத்தது. 2050-க்குள் கார்பன் சமநிலை (நகரம் வெளிவிடும் கார்பனும் உறிஞ்சப்படுவதும் சமமாவது) என்ற இலக்கோடு 2023-ல் காலநிலைச் செயல்திட்டமும் வெளியிட்டது. மனுவின் முதல் பத்தியில் இந்த இரண்டும் இருக்கட்டும்.

அடுத்து, சாலை யாருடையது என்று விசாரியுங்கள். உள்தெரு என்றால் மண்டல அலுவலகம். பஸ் போகும் சாலை என்றால் அதற்கென்று மாநகராட்சியில் தனித் துறை இருக்கிறது. அண்ணா சாலை போன்றவை மாநில நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பு. தவறான மேஜைக்குப் போன மனு எத்தனை நியாயமானதாக இருந்தாலும் நகராது.

இனி அளவு. இதற்கு ஒரு காலைப் பொழுதை முழுசாக ஒதுக்குங்கள். சாலைகளுக்குத் தரம் வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரஸின் வழிகாட்டுதலில், தடையில்லாமல் நடக்க 1.8 மீட்டர் அகலம், நடைபாதை மேடையின் உயரம் 15 சென்டிமீட்டருக்கு மிகாமல் என்று இருக்கிறது. நான் ஆறு மணிக்கே டேப்பும் சாக்பீஸுமாகப் போனேன். பூக்கார அக்கா டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். மின்பெட்டி அருகே மிஞ்சிய அகலம் 60 சென்டிமீட்டர். ஒரு வீட்டு வாசலில் மேடை 28 சென்டிமீட்டர் உயரம்; அப்பா அங்கேதான் ஒவ்வொரு முறையும் ரோட்டில் இறங்கி நடப்பார். "என் கூடையையும் அளந்துக்கோம்மா, ஆனா எடுக்கச் சொல்லி எழுதிடாதே" என்றார் அக்கா. எழுதவில்லை. தெரு வியாபாரிகளுக்கு 2014-லேயே சட்டப் பாதுகாப்பு வந்துவிட்டது; அவர்களை விரட்டித்தான் நடைபாதை வர வேண்டும் என்பதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். கூடைக்கும் சேர்த்து இடம் கேளுங்கள்.

ஒவ்வொரு தடைக்கும் ஒரு படம்; படத்தில் டேப்பின் எண் தெரிய வேண்டும். "நடைபாதை மோசம்" என்று எழுதினால் பேட்ச் ஒர்க்கோடு முடிந்துவிடும். "இந்தக் கதவு எண்ணுக்கு எதிரே 60 செ.மீ., 1.8 மீட்டராக வேண்டும்" என்று எழுதினால் பொறியாளர் அப்படியே எஸ்டிமேட் போட முடியும்.

மனு இரண்டு பிரதி. ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். கவுன்சிலரிடம் ஒரு நகல் கொடுத்து, வார்டு மேம்பாட்டு நிதியில் எடுக்க முடியுமா என்று நேரிலேயே கேளுங்கள். பெரிய வேலை பட்ஜெட்டில்தான் வரும். நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. பொங்கலுக்கு முன்பே மனு போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடிப் பேசும் பகுதி சபா கூடினால் அதிலும் பேசுங்கள். முடிந்தால் நடக்கச் சிரமப்படுபவரையே பேச வையுங்கள். அப்பா இரண்டு நிமிடம்தான் பேசினார், கூட்டம் கேட்டது.

பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் கட்டணம், 30 நாள் கெடு. "ஏன் செய்யவில்லை?" என்று கேட்காதீர்கள். கையில் இருக்கும் ஆவணத்தைக் கேளுங்கள்: இந்தச் சாலைக்கு மூன்று ஆண்டுகளில் ஒதுக்கிய தொகை, அதில் நடைபாதைக்குப் போனது, எஸ்டிமேட்டின் நகல்.

அந்த நகலைப் பத்திரமாக வையுங்கள். வேலை தொடங்கிய அன்று அதையும் டேப்பையும் எடுத்துக்கொண்டு போங்கள். கான்கிரீட் இறுகுவதற்குள் மேடையின் உயரத்தை அளந்துவிடுங்கள். பிறகு இடித்துக் கட்ட யாரும் வர மாட்டார்கள்.