வண்டிக்கு அடியில ஆயில் சொட்டுதா? எங்கேர்ந்து வருதுன்னு நீங்களே பாத்துடலாம்

ஆயில் லீக்னு சொன்னதும் சில பேர் "இன்ஜின இறக்கணும் சார்"னு ஆரம்பிச்சுடுவாங்க, பெரும்பாலும் அவ்ளோ தூரம் போகவே வேணாம்.

1. நைட்டு வண்டிக்கு அடியில அட்டைப்பெட்டி ஒண்ண பிரிச்சு விரிச்சுடுங்க. காலையில கருப்பாவோ பிரவுனாவோ வழவழன்னு இருந்தா இன்ஜின் ஆயில், பச்சையோ பிங்க்கோன்னா கூலன்ட், வெறும் தண்ணின்னா ஏசி, நம்ம ஊரு புழுக்கத்துக்கு அது கொட்டத்தான் செய்யும்.

2. டிப் ஸ்டிக் (ஆயில் அளவு பாக்கற கம்பி) பாருங்க. அதுல MIN-னு போட்டிருக்கற கோட்டுக்கு கீழ போயிருந்தா முதல்ல ஊத்திட்டு அப்புறம் மத்தத பாருங்க.

3. இதான் மெயின். சொட்டுற இடம் வேற, லீக் ஆகுற இடம் வேற. மேல டேப்பட் கவர்ல (இன்ஜின் தலைய மூடுற மூடி) கசியுற ஆயில் இன்ஜின் பிளாக் மேல வழிஞ்சு, ஓடும்போது காத்துல பின்னாடி அடிச்சு, கடைசியில சம்ப்புல (இன்ஜினுக்கு அடியில இருக்கற ஆயில் தொட்டி) வந்து தொங்கும், அத பாத்துட்டு சம்ப் பேக்கிங் மாத்துனா காசுதான் தண்டம். அதனால இன்ஜின் ஆறினதும் டீகிரீசர் (எண்ணெய்ப் பிசுக்க எடுக்கற திரவம்) போட்டு சுத்தமா துடைங்க, ஆல்டர்னேட்டர்ல (பேட்டரிய சார்ஜ் பண்றது) படாம பாத்துக்குங்க. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடுல ஒரு ரவுண்டு போயிட்டு வந்து டார்ச் அடிச்சு பாருங்க, ஈரம் எங்க ஆரம்பிக்குதோ அதுல ரொம்ப மேல இருக்கறதுதான் இடம்.

4. டேப்பட் கவர் ரப்பர் பேக்கிங் சூட்டுலயே வெந்து வெந்து பிளாஸ்டிக் மாதிரி விறைச்சுடும், நகத்தால அழுத்தினா பதியாது. அங்கேர்ந்து எக்ஸாஸ்ட் மேல விழுந்தா சிக்னல்ல நிக்கும்போது கருகின வாசனை வரும். சர்வீஸ் விட்டு எடுத்தப்புறம்தான் ஆரம்பிச்சுதுன்னா ஆயில் ஃபில்டரையும் டிரெயின் போல்ட்டையும் (பழைய ஆயில வடிக்க கழட்டுற போல்ட்) பாருங்க. பழைய ஃபில்டரோட ரப்பர் ரிங் இன்ஜின்லயே ஒட்டிட்டிருக்க, அது மேலயே புதுச மாட்டியிருப்பாங்க. போல்ட்டுக்கு வாஷர் மாத்தினாலே போதும், சொட்டுதேன்னு இன்னும் முறுக்கினா அலுமினிய சம்ப்புல மரை போயிடும். மணலி பக்கம் கன்டெய்னர் லாரி ஓடுற ரோடுல அடி வாங்கின வண்டின்னா சம்ப்பே நசுங்கியிருக்கும்.

5. இன்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ற இடத்துல சொட்டினா கிராங்க் சீலா (கிராங்க் ஷாஃப்ட் வெளிய வர்ற இடத்துல ஆயில் கசியாம தடுக்கற வளையம்) இருக்கலாம், கியர்பாக்ஸ இறக்கற வேலை, நீங்க கை வைக்காதீங்க. ஆனா அதுக்கு முன்னாடி ப்ரீதர் (இன்ஜின் உள்ள சேர்ற காத்த வெளிய விடுற வழி) அடைச்சிருக்கான்னு பாக்க சொல்லுங்க, அடைச்சிருந்தா உள்ள பிரஷர் ஏறி புது சீலையும் தாண்டி ஆயில் வெளிய வந்துடும்.

வெறும் ஜாக்கிய நம்பி அடியில படுக்காதீங்க, வண்டிய தாங்க ஸ்டாண்டு வேணும். ஓடும்போது சிவப்பு ஆயில் லைட் எரிஞ்சா ஓரங்கட்டி உடனே ஆஃப் பண்ணிடுங்க, கிட்டக்கதானே மெக்கானிக் ஷெட்டுன்னு ஓட்டாதீங்க, டோ பண்ணிக்கலாம்.