ஒரே கோப்புறைக்கு இரண்டு பெயர்

அப்பா எடுத்த சில்வர் பீச் படங்கள் எல்லாம் ஒரு வெளி டிஸ்கில், ஏழு அடுக்கு கோப்புறைக்குள் இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் அவ்வளவையும் தட்ட அலுத்து, 'படம்' என்று ஒரு சிம்லிங்க், அதாவது அதே கோப்புறையைக் காட்டும் குறுக்குப் பெயர், போட்டிருந்தேன்.

போன மழையில் மஞ்சக்குப்பத்து வீட்டில் உட்கார்ந்து, இரட்டைப் படங்களை நீக்க நானே எழுதிய ஸ்கிரிப்டை (சிறு நிரலை) ஓட்டினேன். லிங்க் ஒரு இடம், நீளப் பாதை வேறு இடம் என்று அது எண்ணிவிட்டது. 'நகல்' என்று சொல்லி அழித்தது, இருந்த ஒரே படத்தை. நாற்பது படம் போன பிறகுதான் கவனித்து கன்ட்ரோல் சி அடித்து நிறுத்தினேன். கை நடுங்கியது. நல்ல வேளை, புதுச்சேரியில் அக்கா வீட்டில் இன்னொரு பிரதி இருந்தது.

சரி செய்தது ரியல்பாத் (realpath) கட்டளை. லிங்க், மேல் கோப்புறையைக் குறிக்கும் இரட்டைப் புள்ளி (..) எல்லாவற்றையும் அவிழ்த்து உண்மையான முழுப் பாதையைச் சொல்லும். இப்போது ஒப்பிடும் முன் இரண்டு பாதைகளையும் அதில் கொடுக்கிறேன். விடை ஒன்றானால் ஸ்கிரிப்ட் தொடாது. நாம் நிற்கும் கோப்புறையைச் சொல்லும் பி.டபிள்யூ.டி. (pwd) கட்டளையை வெறுமனே நம்பாதீர்கள். கட்டளைகளைத் தட்டும் பாஷில் அது லிங்க் பெயரையே காட்டும். கூடவே ஒரு கோடும் பெரிய பி-யும் (-P) போட்டால்தான் நிஜ இடம் தெரியும்.

அப்புறம், ரியல்பாத்தோடு, கொடுத்த கோப்புறையிலிருந்து மட்டும் பாதையைச் சொல்ல வைக்கும் ரிலேட்டிவ்-டூ (--relative-to) சேர்த்து, டிஸ்கில் உள்ள படக் கோப்புறையைக் கொடுத்தேன். ஸ்கிரிப்ட் எழுதி வைக்கும் லாகில் மூன்று வரிக்கு ஓடிய பாதை, ஆண்டும் படத்தின் பெயருமாகச் சுருங்கிவிட்டது.